சிறுதேரும் செய்த கையும்

தேர் என்ற சொல்லைக் கேட்டவுடன் சங்கப் பாடல்களைப் பயின்றவர் உள்ளத்தில் முதற்கண் எழுவது தலைவன் ஊர்ந்து வரும் நெடுந்தேரே. மணி ஒலிக்க, ஈரமணலில் உருள் பதிய, கார்கால மாலையில் மனை நோக்கி விரையும் அத்தேரைப் பற்றி வகுப்பறைகளில் நிறையப் பேசப்படுகிறது. அதே பாடல்களின் முற்றங்களிலும் தெருக்களிலும் இன்னொரு தேரும் உருண்டுகொண்டிருக்கிறது. போருக்கும் போகாமல், பொருளுக்கும் போகாமல், வாயிலுக்கும் திண்ணைக்கும் இடையே சென்று வரும் அச்சிறுதேரை உரை கூறுவோர் ஓரிரு சொற்களில் விளக்கிவிட்டு அப்பால் நகர்ந்துவிடுகின்றனர். விளையாட்டுப் பொருள்தானே என்ற எண்ணம் போலும்.

குறுந்தொகையின் 61ஆம் பாடலில் அச்சிறுதேர் உவமையாக வந்துள்ளது. பாடியவர் தும்பிசேர் கீரனார். தச்சன் செய்து தந்த சிறு வண்டியில் குழந்தைகள் ஏறி ஊர இயலாது. ஆயினும் கையால் இழுத்து இன்புறுகின்றனர். அதுபோலத் தலைவனோடு கூடி மகிழும் பேறு இல்லாவிடினும், அவன் நட்பை நெஞ்சிற் பேணியே மகிழ்ந்ததாகவும், அதனால் வளைகள் நெகிழாமல் செறிந்திருப்பதாகவும், தலைவன் விடுத்த வாயில்களிடம் தோழி கூறுகிறாள். அவனைச் சுட்டுமிடத்து நல்ல தேரை உடையவன் என்றே அவள் சுட்டுவது நோக்கத்தக்கது. ஊரத்தக்க தேர் அவனிடம் இருக்கிறது; ஊர முடியாத தேர் குழந்தைகளிடம் இருக்கிறது. உண்மைத் தேர் வேறு தெருவுக்குப் போயிற்று என்பதைத் தோழி வெளிப்படக் கூறவில்லை. இரண்டு தேர்களையும் ஒரே பாடலில் அடுத்தடுத்து நிறுத்தியதோடு அமைகிறாள். பணிவு போலத் தோன்றும் அச்சொல்லின் உள்ளே ஒரு முள் இருக்கிறது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தம் இரு பாட்டுகளிலும் சிறுதேரைப் பாடியுள்ளார். பட்டினப்பாலையில் அது காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் உருள்கிறது. உலர வைத்த உணவைக் கவர வரும் கோழியை விரட்ட, மகளிர் தம் காதிற் கிடந்த கனத்த குழையைக் கழற்றி எறிகின்றனர். எறிந்த குழை முற்றத்திலேயே கிடக்கிறது. மூன்று சக்கரமுடைய சிறுதேரைக் குதிரையின்றி உருட்டி வரும் புதல்வனின் வழியை அது மறித்துக்கொள்கிறது. அவ்வூரார் அறிந்த பகையெல்லாம் இத்தகைய தடைதான், கலங்கத்தக்க வேறு பகை அவர்கட்கு இல்லை என்று புலவர் பாடிச் செல்கிறார். ஊரின் செல்வத்தைக் கூற எடுத்த செய்தியாதலின் எல்லாரும் குழையையே நோக்குவர். ஆனால் குதிரை இல்லை என்பதையும் சக்கரம் மூன்று என்பதையும் விடாமல் குறித்த புலவரின் கண் தேர்மீதும் சிறிது நேரம் தங்கியிருக்க வேண்டும்.

பெரும்பாணாற்றுப்படையின் சிறுதேர் இதனினும் ஆழமானது. மருத நிலத்து உழவர் இல்லங்களில் பிள்ளைகள் தேர் உருட்டிக் களைத்துச் செவிலியரைத் தழுவிப் பாலுண்டு படுக்கையில் துயில்கின்றனர். அத்தேர் எத்தகையது? தச்சருடைய பிள்ளைகளே விரும்பும்படி புனையப்பட்டது. இவ்வடையைத் தேரின் அழகுக்குச் சான்றாக மட்டும் கொண்டு கடந்துவிடலாம். பெரும்பாலோர் அவ்வாறே கடக்கின்றனர். நின்று பார்த்தால் அங்கே வேறொரு வீடு தெரிகிறது. அவ்வீட்டில் தந்தை தேர் செய்கிறான். மகன் அருகிருந்து பார்க்கிறான். வண்டி முடிந்ததும் அது இன்னொருவன் மகனிடம் போய்விடுகிறது. செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு எஞ்சுவது ஆசை மட்டுமே. வளத்தைப் பாட வந்த புலவர், தாம் கருதினாரோ இல்லையோ, வளத்தின் மறுபுறத்தையும் அரை அடிக்குள் வைத்துவிட்டார்.

ஐங்குறுநூற்றின் 403ஆம் பாடலில் பேயனார் காட்டும் தந்தை, தன் மகன் தளர்நடையிட்டுச் சிறுதேர் உருட்டும் காட்சியைக் கண்டு, காதலியிடத்தினும் மகனிடத்து உள்ளம் பெரிதாகச் செல்வதை உணர்கிறான். இப்பாட்டு ஓர் உண்மையை மறைக்காமல் காட்டுகிறது. சிறுதேரைக் கண்டு உருகுபவன் வளர்ந்தவன். குழந்தைக்கு உருகப் பொழுதில்லை; அவனுக்குத் தேர் உருண்டால் போதும். மேலே கண்ட எல்லாப் பாடல்களிலும் நிலை இதுவே. தோழி காண்கிறாள், தந்தை காண்கிறான், ஊர்வளம் பாட வந்த புலவர் காண்கிறார். உருட்டும் கையிலிருந்து நோக்கிய பாடல் இவற்றுள் ஒன்றும் இல்லை.

செய்தொழிலின் அருமையை அக்காலப் புலவர் அறியாதவரோ எனின், அறிந்தவரே. புறநானூற்றின் 87ஆம் பாடலில் ஔவையார் அதியமானின் பகைவரை எச்சரிக்கிறார். ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன், ஒரு திங்கள் முழுதும் முயன்று செய்த ஒரே சக்கரம் போன்றவன் அவன் என்கிறார். ஒருவன் தன் வேகத்தையெல்லாம் அடக்கிக்கொண்டு ஒரு பொருளின்மேல் முப்பது நாள் குனிந்திருப்பதன் பெருமையை இதைவிடச் சுருங்கச் சொல்லுதல் அரிது. 102ஆம் பாடலில் உப்பு வணிகர் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் சேம அச்சையும் அவரே காட்டுகிறார். ஆர், குறடு, நேமி, அச்சு, ஆணி என வண்டியின் உறுப்புகளுக்கெல்லாம் தமிழில் சொல் இருந்தது; அவற்றை உவமையாக்கும் உரமும் இருந்தது. ஆனால் அவ்வுவமைகள் போர்க்களத்துக்கும் வாணிகத்துக்கும் உரியவையாயின. செய்பவனின் பெருமை பெருந்தேருக்குச் சென்றது. சிறுதேருக்கு இழுக்கும் இன்பம் மட்டும் வாய்த்தது.

பின்வந்த பிள்ளைத்தமிழ் சிறுதேருக்கெனத் தனிப் பருவமே வகுத்தது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியானது அது. பெண்பாற் பிள்ளைத்தமிழுக்கு இறுதியில் ஊசல் வைத்தனர். தேரைப் பெண்குழந்தையிடம் கொடுக்கப் பாட்டியல் நூலார்க்கு மனம் வரவில்லை. ஒட்டக்கூத்தர் தொடங்கிக் குமரகுருபரர் ஊடாகப் புலவர் பலர் சிறுதேர்ப் பருவம் பாடியுள்ளனர். சந்த நயத்தில் அவை குறைந்தவையல்ல. எனினும் சிறுதேரைத் தேடிக்கொண்டு அப்பாடல்களுள் புகுபவர் பெரும்பாலும் வெறுங்கையுடன் திரும்ப நேரிடும். ஞாயிறும் திங்களும் சக்கரமாகி, மண்ணுலகமே தேராகி, முப்புரம் எரிகிறது. மரத்தேரின் ஓசை மட்டும் கேட்பதில்லை. இடம் பெரிதாகக் கொடுத்துப் பொருளை மறந்த நிலை அது.

வடமொழியில் சூத்திரகர் இயற்றிய மிருச்சகடிகம் இவ்வகையில் விதிவிலக்கு. பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் அதனை மண்ணியற் சிறுதேர் என்று தமிழாக்கினார். வறியவனாகிவிட்ட சாருதத்தனின் மகன் உரோகசேனன், அயல் வீட்டுப் பிள்ளையின் பொன் வண்டியோடு விளையாடியவன். அது திரும்பப் போய்விட்டது. பணிப்பெண் மண்ணால் ஒரு வண்டி செய்து தருகிறாள். மண் வண்டி வேண்டாம், பொன் வண்டிதான் வேண்டும் என்று அவன் அழுகிறான். வசந்தசேனை தன் அணிகலன்களைக் கழற்றி மண் வண்டியில் நிரப்புகிறாள். அந்த அணிகலன்களே பின்னர் வழக்கு மன்றத்தில் சாருதத்தனுக்கு எதிரான சான்றாக வந்து நிற்கின்றன. குழந்தையின் அழுகை ஒரு பெருங்கதையைத் திருப்பிவிடுகிறது. மண் வண்டி செய்த பணிப்பெண்ணின் கைகளைப் பற்றி நாடகமும் அதிகம் பேசவில்லை என்பது வேறு.

இனிச் சிங்கப்பூருக்கு வரலாம். பட்டினப்பாலையின் ஊரைப் போலவே இதுவும் கடல் வாணிகத்தால் வளர்ந்த பட்டினம். இங்கும் ஒருகாலத்தில் மாட்டுவண்டிகள் ஓடின. சைனாடவுன் பகுதியின் கிரேத்தா ஆயர் என்னும் மலாய்ப் பெயருக்குத் தண்ணீர் வண்டி என்பது பொருள். சிராங்கூன் சாலையை அடுத்த பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் அவ்வட்டாரத்தில் நடந்த கால்நடைத் தொழிலின் பெயர்ச்சுவடுகள். அவ்வண்டிகள் போயின, கம்பங்கள் போயின, வீவக அடுக்குமாடிகள் எழுந்தன. அடுக்குமாடியில் வளர்ந்த பிள்ளைகளின் கைக்கு 1980களிலும் 1990களிலும் ஒரு சிறுதேர் வந்து சேர்ந்தது. அது கப்பலேறி வந்தது.

ஜப்பானின் ஷிசுவோகா நகரில் 1946இல் மர வாணிகமாகத் தொடங்கிப் பின்னர் மர மாதிரிப் பொம்மைகளும் அதன்பின் பிளாஸ்டிக் மாதிரிகளும் செய்த நிறுவனம் டமியா. அந்நிறுவனம் 1982இல் வெளியிட்ட நான்கு சக்கர இயக்கச் சிறுவண்டி வகையே அது. உண்மை வண்டியில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவு, உள்ளங்கையில் அடங்கும். பெட்டியைத் திறந்தால் வண்டி இராது. சட்டத்தோடு ஒட்டிய பிளாஸ்டிக் உறுப்புகளும், அச்சுகளும், பற்சக்கரங்களும், கட்டைவிரல் பருமனுள்ள ஒரு மோட்டாரும் இருக்கும். ஒவ்வோர் உறுப்பையும் வெட்டியெடுத்துப் பிசிறு நீக்கிப் பொருத்த வேண்டும். பசை வேண்டா, அழுத்தினால் பொருந்தும். ஒரு நீண்ட தண்டு மோட்டாரின் சுழற்சியை மறுமுனை அச்சுக்குக் கொண்டு சென்று நான்கு சக்கரங்களையும் ஓட்டும். ஆற்றல், கைவிளக்கில் இடும் சிறு பாட்டரிகள் இரண்டிலிருந்து வரும் 3 வோல்ட்டு. தொலைவிலிருந்து இயக்கும் கருவி எதுவும் இல்லை. பக்கச்சுவர் எழுப்பிய தளத்தில் விட்டால், வண்டியின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு உருளைகள் சுவரில் உரசி அதனைத் திருப்பும். விட்ட பிறகு சிறுவன் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. வேகம் மிகுந்தால் வளைவில் எகிறி வெளியே விழும், குறைந்தால் தோற்கும்.

தும்பிசேர் கீரனாரின் உவமையை இங்கு வைத்துப் பார்த்தால் அது ஒருபடி மேலே செல்கிறது. ஏறி ஊரவும் முடியாது. ஓடும்போது கையால் ஈர்க்கவும் முடியாது. பின் எங்கிருந்து வந்தது அவ்வளவு இன்பம்? ஓடுவதற்கு முந்திய பொழுதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். மோட்டார் ஐந்து சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுழலும் பற்சக்கரத்தை இடுவதா, மூன்றரைச் சுற்றுக்கு ஒருமுறை சுழல்வதை இடுவதா என்பதைச் சிறுவனே முடிவு செய்தான். முன்னது இழுவிசை தரும். பின்னது வேகம் தரும். எடையைக் குறைக்க மேற்கூட்டில் துளையிட்டான். புதிய மோட்டாரைச் சுமையின்றிச் சுழலவிட்டுப் பழக்கினான். ஒரே பெட்டியை வாங்கிய இருவரின் வண்டிகள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. வேறுபாடு கையில் இருந்தது. ஔவையாரின் தச்சன் ஒரு திங்கள் குனிந்திருந்த காட்சி, அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் பள்ளிச் சீருடையுடன் மறுபிறவி எடுத்தது என்றால் மிகையன்று.

தொழிற்சாலை வார்த்த பிளாஸ்டிக்கைப் பொருத்துவது செய்தல் ஆகுமா, அது வாங்குதலின் நீட்சிதானே என்று கேட்போர் உண்டு. கேள்வி ஞாயமானதே. பந்துருளை பொருத்திய சிறு உருளைகளும் விரைவு மோட்டார்களும் தனியே விலைக்கு வந்தன. காசுள்ளவன் வாங்கினான், இல்லாதவன் பிளாஸ்டிக்கைச் சுரண்டினான். உரோகசேனனின் பொன் வண்டியும் மண் வண்டியும் ஓடுதளத்துக்கு வந்துவிட்டன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. உரோகசேனனால் மண் வண்டியைப் பொன் வண்டியை வெல்லுமாறு செய்ய இயலாது. இங்கே சுரண்டியவனுக்கும் ஒரு வாய்ப்பு இருந்தது. எடையும் உராய்வும் பணத்துக்கு மட்டும் பணிவதில்லை.

ஜப்பானியர் இவ்வண்டிக்குக் கதையும் கொடுத்தனர். 1987இல் தொடங்கிய டாஷ் யோன்குரோ என்னும் படக்கதையும், 1994இல் தொடங்கி 1996இல் தொலைக்காட்சித் தொடரான லெட்ஸ் அண்ட் கோ என்னும் படக்கதையும் சிறுவரை வீரராக்கின. அவற்றில் சிறுவன் கூவினால் வண்டி கேட்கும். உண்மை வண்டி எவர் கூவினும் கேளாது. பிள்ளைத்தமிழ் ஞாயிற்றைச் சக்கரமாக்கியது போலவே இதுவும் பொருளைவிட்டு உயரப் பறந்த கற்பனைதான். ஆனால் அக்கதைகளில் திருகாணியும் பற்சக்கரமும் காணாமற் போவதில்லை. செய்யும் கை நெடுகிலும் உடன் வருகிறது. அவ்வளவில் அவை தம் பொருளுக்கு உண்மையாக நின்றன.

அவ்வண்டிகளைப் பொருத்திய பிள்ளைகள் இன்று நடுவயதினர். பழைய பெட்டிகளைத் தேடி வாங்குவோரும் மீண்டும் ஓடுதளத்தைச் சூழ்வோரும் அவர்களே. சிங்கப்பூரில் பொம்மையை நினைவுப் பொருளாகப் போற்றும் வழக்கம் வேரூன்றிவிட்டது. சியா ஸ்திரீட்டில் 2007இல் திறக்கப்பட்ட மிண்ட் பொம்மை அரும்பொருளகம் பழைய தகரப் பொம்மைகளைக் கண்ணாடிப் பேழைகளில் வைத்தது. தேக்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருந்த சுங்கை ரோடு பழம்பொருட் சந்தையோ 2017 ஜூலை 10ஆம் நாளோடு முடிவுற்றது. தரையில் விரித்த துணிமேல் கிடந்த பழம்பொருளைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்க்கலாம். பேழையினுள் இருப்பதைத் தொட முடியாது. நினைவைப் பற்றி எழுதுவோர் எந்த வகையைப் பின்பற்றுகின்றனர் என்பதே இங்கு எழும் வினா.

தமிழில் இளமை நினைவுக் கட்டுரைகள் பெரும்பாலும் பேழை வகையைச் சார்ந்தவை. பம்பரம், கோலி, பட்டம், நுங்கு வண்டி எனப் பெயர்களை அடுக்கி, அந்தக் காலம் வருமா என்று ஒரு பெருமூச்சுடன் முடிந்துவிடுகின்றன. நுங்கு வண்டியை எடுத்துக்கொள்வோம். குடைந்தெடுத்த பனங்கூந்தல் இரண்டைக் குச்சியால் இணைத்துக் கவைக்கோலால் தள்ளுவது அது. தமிழகத்துச் சிற்றூரிலிருந்து வந்தவர் அதை எழுதினால் பொருத்தமுண்டு. சிங்கப்பூரில் பிறந்து, பனைமரத்தைப் பாடநூற் படத்தில் கண்ட ஒருவர் அதைத் தம் இளமையாக எழுதும்போது அந்த ஏக்கம் இரவல் ஏக்கமாகிவிடுகிறது. பால்டின் மூடியில் துளையிட்டுக் கம்பி கோத்த கம்பத்துப் பிள்ளையின் வண்டியும், அடுக்குமாடிப் பிள்ளையின் மோட்டார் வண்டியும் அவருடைய உண்மைச் சொத்து. அவற்றை இலக்கியத் தகுதியற்றவை என்று ஒதுக்கிவிட்டு, தாம் உருட்டாத வண்டிக்காக அவர் கண்ணீர் வடிக்கிறார். தமிழில் எழுதினால் தமிழகத்துப் பொருளையே எழுத வேண்டும் என்ற எழுதப்படாத விதி ஒன்று எங்கிருந்தோ வந்து அமர்ந்திருக்கிறது. இளமையை எழுதும் மாணவர் கட்டுரைகளில் அவ்விதி நன்மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறது.

அவ்விதி வந்ததற்கு மொழி வழியிலும் ஒரு காரணம் காட்டலாம். சிங்கப்பூரில் தமிழை முதன்மொழியாகக் கொண்டு கற்பித்த உயர்நிலைப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. ஷிசுவோகாவில் அச்சிறுவண்டி வெளிவந்த ஆண்டும் அதுவே. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் விளைவு ஒரே பிள்ளையிடம் வந்து சேர்ந்தது. வண்டியைப் பொருத்திய கை தமிழ்க்கையாக இருந்தும், உறுப்புகளின் பெயர்களையும் விசையின் பாடத்தையும் அப்பிள்ளை ஆங்கிலத்தில் மட்டுமே கற்றது. தமிழ் வகுப்பில் அதற்குக் கிடைத்தவை வாழ்த்தும் அறவுரையும் பண்டிகையும். அப்படியிருக்க, வளர்ந்தபின் தமிழில் தன் இளமையை எழுத உட்கார்ந்தால் கையிலிருந்த பொருள் வாயில் வருவதில்லை. பாடநூலில் இருந்த நுங்கு வண்டிதான் வருகிறது.

சொல் இல்லாமலில்லை. பற்சக்கரமும் அச்சும் உருளையும் உராய்வும் இழுவிசையும் புழக்கத்தில் உள்ளவையே. மோட்டார், பாட்டரி என்பனவற்றை அப்படியே எழுதினால் தமிழ் குறைந்துவிடாது. பெருந்தேருக்கு அச்சாணி போன்றவர் உலகில் உண்டு, உருவத்தின் சிறுமை கண்டு இகழலாகாது என்று வள்ளுவர் சொன்ன குறளை விளக்கும் ஆசிரியர், கோயில் தேரைக் காட்டுவதோடு சிறுவண்டியின் அச்சு வளைந்தால் நேர்வதையும் காட்டலாம். முன்னதைத் தள்ளி நின்று கண்ட மாணவன் பின்னதைத் தன் விரலால் அறிந்தவன். ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவரில் மின்னணு உறுப்புகள் சில்லறையாக விற்கும் கடைகளைக் கண்டவனுக்குக் குறள் அயலாகத் தோன்றாது.

பொருத்திய கையிலிருந்து எழுந்த எழுத்து எத்தகையதாக இருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. பற்சக்கரம் சரியாகக் கடிக்காதபோது எழும் கரகரப்பு அதில் இருக்கும். சூடேறிய மோட்டாரின் மணம் இருக்கும். முன்னும் பின்னும் மாற்றி இட்ட பாட்டரிகளால் பின்னோக்கி ஓடிய வண்டியைக் கண்டு நண்பர் சிரித்த சிரிப்பு இருக்கும். வளைவில் எகிறி விழுந்த வண்டியை எடுக்கக் குனிந்தபோது, அருகே நின்ற தந்தை என்ன சொன்னார் என்பது இருக்கும். பேயனாரின் தந்தை கண்ட காட்சியை அப்போது மகன் பக்கமிருந்து காணலாம். அந்தக் காலம் வருமா என்று கேட்க அவ்வெழுத்துக்கு இடமிராது. அடுத்த ஓட்டத்துக்கு எந்தப் பற்சக்கரம் என்ற கேள்வியே பெரிதாக நிற்கும்.

பெரும்பாணாற்றுப்படையின் தச்சச் சிறுவரைப் பற்றி உருத்திரங்கண்ணனார் அரை அடிக்குமேல் பாடவில்லை. அவர்களுடைய ஆசையை ஒரு சொல்லில் சுட்டிவிட்டு, பாலுண்டு உறங்கும் பிள்ளையின் படுக்கையருகே சென்றுவிடுகிறார். தந்தை எழுந்து போன பின் பட்டறையில் உதிர்ந்து கிடந்த மரத்துண்டுகளை அச்சிறுவர் என்ன செய்தனர் என்பது பாட்டில் இல்லை.